வாழைத்தோட்டத்தில் மண் ஈரம் பார்க்க எந்த போர்டு?

கோபி வாழை:
வணக்கம். இரண்டு ஏக்கர் நேந்திரன் போட்டிருக்கிறோம். நான்கு இடத்தில் மண் ஈரத்தை அளந்து, சாளையிலிருந்தே (தோட்டத்து வீடு) பார்க்க ஆசை. கல்லூரியில் பழகிய அர்டுயினோ ஊனோ (ப்ரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன போர்டு) கையில் இருக்கிறது. அதன் மேல் மாட்டும் வைஃபை ஷீல்டு வாங்கலாமா, வைஃபை உள்ளேயே இருக்கும் ஈஎஸ்பி32 எடுக்கலாமா, ராஸ்பெர்ரி பை வேண்டுமா? கடைசி மூலை 300 மீட்டர் தள்ளி, கரண்ட் கிடையாது. “வாரா வாரம் பேட்டரி மாத்தணும்னா வேண்டவே வேண்டாம்” என்று அப்பா சொல்லிவிட்டார்.

சால்டர் அண்ணன்:
தம்பி, அப்பா சொன்னதிலிருந்தே தொடங்குங்கள். பை ஒரு முழுக் கணினி, பேட்டரிக்கு ஒத்துவராது. ஈஎஸ்பி32 சிப், வேலை இல்லாத நேரத்தில் போகும் ஆழ்ந்த தூக்கத்தில் (டீப் ஸ்லீப்) 10 மைக்ரோஆம்பியர் அளவுதான் எடுக்கும். அதை நம்பி நான் ஒரு டெவ்கிட்டை (அந்த சிப் பொருத்திய ரெடிமேட் போர்டு) 2000 எம்ஏஹெச் பேட்டரியில் மாட்டினேன். ஒன்பதே நாளில் காலி. ப்ரோகிராமில்தான் தப்பு என்று இரண்டு வாரம் நோண்டினேன். கடைசியில் மீட்டர் வைத்துப் பார்த்தால், தூங்கும்போதே 9 மில்லிஆம்பியர் போகிறது, 900 மடங்கு! போர்டிலிருந்த ரெகுலேட்டர், பவர் எல்ஈடி, யூஎஸ்பி சிப் மூன்றும் சேர்ந்து குடித்திருக்கின்றன. அதனால் சிப்பின் கணக்கைப் பார்க்காதீர்கள், போர்டு தூங்கும்போது எவ்வளவு எடுக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் தூரம். வாழை இலைக்குள் 300 மீட்டருக்கு வைஃபையை நம்ப முடியாது. லோரா போங்கள், குறைந்த கரண்டில் ரொம்ப தூரம் போகும் ரேடியோ அது. நம் நாட்டில் 865–868 மெகாஹெர்ட்ஸுக்கு உரிமம் தேவையில்லை, 868 என்று விற்கும் மாட்யூல் சரியாக இருக்கும். தோட்டத்தில் 3.3 வோல்ட் அர்டுயினோ புரோ மினி வையுங்கள். உங்கள் ஊனோவில் இருக்கும் அதே சிப்தான், பழகிய கோடே ஓடும். எல்ஈடியையும் ரெகுலேட்டரையும் எடுத்துவிட்டால் தூக்கத்தில் சில மைக்ரோஆம்பியர்தான். சாளையில் கரண்ட் இருப்பதால், லோராவில் வருவதை வாங்கி வைஃபையில் காட்ட அங்கே ஈஎஸ்பி32.

மண்வாசனை:
சென்சாரையும் பாருங்கள். இரண்டு கம்பி உள்ளது சீக்கிரம் அரித்துவிடும், உலோகம் மண்ணில் படாத கெப்பாசிட்டிவ் வகை வாங்குங்கள். ஈஎஸ்பி32-இல் எதையாவது அளப்பதென்றால் 32 முதல் 39 வரையுள்ள பின்களில் கொடுங்கள். சென்சார் வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி அதில் இரண்டு உண்டு; இவை ஏடிசி1 பின்கள், வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் வேலை செய்யாது.

கோபி வாழை:
ரொம்ப நன்றி அண்ணா. ஊனோவில் பழகியது வீணாகிவிட்டதோ என்று நினைத்தேன். முதலில் கடைசி மூலைக்கு ஒன்று மட்டும் செய்கிறேன். வேறென்ன வாங்க வேண்டும்?

சால்டர் அண்ணன்:
புரோ மினியில் யூஎஸ்பி கிடையாது, கம்ப்யூட்டரிலிருந்து கோடு ஏற்ற ஒரு 3.3 வோல்ட் யூஎஸ்பி-டிடிஎல் கன்வெர்ட்டர் சேர்த்து வாங்குங்கள். ஆன்டெனா மாட்டாமல் லோராவை அனுப்ப விடாதீர்கள், மாட்யூல் கெட்டுப்போகும். பெட்டியை வாழைத்தார் மட்டத்துக்கு மேலே, ஒரு கம்பத்தில் கட்டுங்கள்.