அவசர உதவி: க்ராக்ஸ்20 ஏறுகிறது, கொலஸ்ட்ரால் மரபணுக்கள் அசையவில்லை

ஆய்வு_மாணவி: வணக்கம். ஷ்வான் செல்களில் (புற நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறையை உருவாக்குபவை) டைபியூட்டிரைல் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூண்டும் பொருளைச் சேர்த்தால், மயலின் மரபணுக்களை இயக்கும் க்ராக்ஸ்20 நன்றாகவே ஏறுகிறது. ஆனால் கொலஸ்ட்ரால் உருவாக்கும் நொதிகளுக்கான எச்எம்ஜிசிஆர், எஃப்டிஎஃப்டி1 மரபணுக்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. வெள்ளிக்கிழமை நெறியாளரிடம் காட்ட வேண்டும். என்ன காரணமாக இருக்கும்?

செழியன்: எலியா, சுண்டெலியா? விலங்கிலிருந்து நேரடியாக எடுத்த முதன்மைச் செல்களா? எத்தனை மணி நேரத்தில் ஆர்என்ஏ எடுத்தீர்கள்? வளர்ப்பு ஊடகத்தில் என்னென்ன இருக்கின்றன?

மருதம்: எனக்கு செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எம்டிஓஆர்சி1 புரதக் கூட்டின் மேல்தான் சந்தேகம். ஷ்வான் செல்களில் அதன் உறுப்பான ராப்டரை நீக்கினால் கொழுப்பு உற்பத்தியே படுத்துவிடுகிறது. வளர்ச்சிக் காரணியான நியூரெகுலின் சேர்த்தீர்களா?

பேராசான்: அடிப்படையே தெரியாமல் சோதனையில் இறங்குகிறார்கள். எச்எம்ஜிசிஆரைத் தூண்ட க்ராக்ஸ்20 தனியாகப் போதாது, கொலஸ்ட்ரால் மரபணுக்களைத் தூண்டும் எஸ்ஆர்இபிபி புரதமும் கைகொடுக்க வேண்டும். 2005இலேயே வந்த செய்தி இது. படித்துவிட்டு வாருங்கள்.

செழியன்: கேட்க வந்தவரை விரட்ட வேண்டாம், ஐயா. மாணவி, செல்லில் கொலஸ்ட்ரால் நிறைந்திருந்தால் ஸ்காப் புரதம் எஸ்ஆர்இபிபியைக் கோல்கி என்ற செல் நுண்ணுறுப்புக்குக் கொண்டுபோகாது. அங்கே போய் வெட்டுப்பட்டால்தான் அதன் துண்டு உட்கருவுக்குள் நுழையும். ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் உண்டு, அதனால்தான் ஊடகத்தைப் பற்றிக் கேட்டேன்.

யாழினி: இடையில் ஒரு கேள்வி. அப்படியானால் இரத்தக் கொலஸ்ட்ரால் குறைந்தால் மூளையில் மயலின் உறை மெலியுமா? அப்பா ஸ்டாட்டின் சாப்பிடுகிறார்.

பேராசான்: மெலியாது. இரத்தக் கொலஸ்ட்ரால் இரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டுவதில்லை. மயலின் செல் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும்.

மருதம்: முழுவதும் தானே என்று சொல்ல முடியாது. மூளையில் மயலின் செய்யும் ஒலிகோடென்ட்ரோசைட்டுகளில் எஃப்டிஎஃப்டி1ஐ முடக்கிய சுண்டெலிகளில் மயலின் மிகவும் தாமதித்தது, ஆனால் நின்றுவிடவில்லை. பக்கத்துச் செல்களிடமிருந்து வாங்கியிருக்க வேண்டும்.

பேராசான்: பக்கத்துச் செல் வேறு, இரத்தம் வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

மருதம்: நான் குழப்பவில்லை. "தானே" என்ற உங்கள் சொல்லைத்தான் மறுக்கிறேன். புற நரம்பிலும் இதே கதைதான்: ஷ்வான் செல்களில் ஸ்காப் இல்லாத சுண்டெலிகள் வயதாக ஆக ஓரளவு தேறின, வெளியிலிருந்து கொழுப்பு அமிலம் எடுத்து.

செழியன்: யாழினி, மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மாணவி, இருக்கிறீர்களா?

ஆய்வு_மாணவி: முதன்மை எலிச் செல்கள், 24 மணி நேரம், சீரம் 10%. சீரம் இல்லாத ஊடகத்தில் ஏஎம்பியோடு மறுபடி செய்தேன், எச்எம்ஜிசிஆர் ஏறியது. எஃப்டிஎஃப்டி1 நாளை. மிக்க நன்றி!

செழியன்: மகிழ்ச்சி. ஏஎம்பி சேர்க்காமல் சீரத்தை மட்டும் நீக்கிய தட்டு ஒன்று வைத்தீர்களா? சீரத்தை நீக்கினாலே எச்எம்ஜிசிஆர் ஏறும். அந்தத் தட்டு இல்லாமல் வெள்ளிக்கிழமை போக வேண்டாம்.