ஃபோர்ட் 8என் கார்புரேட்டர் இறுகிக் கிடக்கிறது, உடைக்காமல் கழற்ற வழி சொல்லுங்கள்

ஒன்டாரியோ தோட்டம்:
வணக்கம் அண்ணைமார். ஒன்டாரியோவில் நாங்கள் வாங்கிய காணியில் இருந்த கொட்டிலுக்குள் ஒரு ஃபோர்ட் 8என் ட்ராக்டரும் நின்றது. 1947 இலிருந்து 1952 வரை செய்த மொடல். என்ஜின் நன்றாகச் சுழலுது, ஸ்பார்க்கும் வருது, கரைச்சல் முழுக்க, பெற்றோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு விடுகிற கார்புரேட்டரில்தான். மார்வெல் ஷெப்ளர் டிஎஸ்எக்ஸ்-241, பழைய ஒரிஜினல். கிண்ணத்தைத் திறந்தால் அடியில் தண்ணீர் தேங்கின துரு, அதுக்கு மேலே பெற்றோல் காய்ந்து தேன் நிறத்தில் பிசின். மிதவை ஒரு மாதிரி வந்துவிட்டது. வராதது மூன்று: காற்று வழியைத் திறந்து மூடுகிற தகட்டின் தண்டான த்ராட்டில் ஷாஃப்ட் துளியும் அசையாது, பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கிற, வெளியில் இருக்கிற மெயின் ஜெட் ஊசி திரும்பாது, கிண்ணத்துக்குள்ளே பெற்றோலைப் பீய்ச்சுகிற பித்தளை நாசில் அப்படியே இறுகிக் கிடக்குது. நாசிலில் திருப்புளி வைக்கிற வெட்டை முன்னமே யாரோ பாதி தின்று வைத்திருக்கிறார்கள். புதுக் கார்புரேட்டர் கடையில் கிடைக்கும், தெரியும். ஆனால் இந்த வார்ப்பிரும்பு உடம்பை எறிய எனக்கு மனமே வரவில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பழைய இரும்பு:
எறியாதீங்க தம்பி, அது காப்பாத்தக்கூடிய சாமான்தான். முதல்ல ஒரு காந்தத்தை வச்சுப் பாருங்க. ஒட்டினா வார்ப்பிரும்பு, சூடு தாங்கும். சில கார்புரேட்டர்கள் துத்தநாகக் கலவையில வார்த்தது, அதெல்லாம் 400 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிடும், அதுல டார்ச்சைக் காட்டவே கூடாது.

அப்புறம் பிசினும் துருவும் ரெண்டு வேற நோய். பிசின் பிடிச்ச இடத்துக்கு அசிட்டோனோ கார்புரேட்டர் கிளீனரோ போதும், ஊறப்போட்டா கரைஞ்சிடும். துரு அதுல கரையாது, அதுக்கு ஊடுருவுற எண்ணெயும் சூடும் வேணும். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சரிபாதியாக் கலந்து விட்டா நல்லா இறங்கும், ஆனா கலந்தது பிரிஞ்சு நிக்கும், ஊத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் குலுக்கணும். அசிட்டோன் சட்டுனு தீப்பிடிக்கும். ஊத்தின பிறகு நல்லாக் காய்ந்தால்தான் நெருப்பு பக்கத்துல வரலாம்.

லேத்து வேலை:
நாசில் பத்தி நான் சொல்றேன், இதுலதான் நிறைய பேர் உடம்பையே கெடுத்துடுறாங்க. பித்தளை சூட்டில் வார்ப்பிரும்பைவிட அதிகமா விரியும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால மொத்தத்தையும் நிதானமா சூடாக்கி, சூடா இருக்கும்போதே நாசிலைத் திருப்பப் பார்த்தா அது இன்னும் இறுக்கமாத்தான் இருக்கும். செய்யவேண்டியது இதுதான்: புரோப்பேன் டார்ச்சை வெளிப்பக்கம் இரும்பில் காட்டிச் சூடேத்துங்க, பிறகு தானா ஆற விடுங்க. விரிய இடமில்லாம நசுங்கின பித்தளை ஆறும்போது சுருங்கும், அப்போ மரைக்குள்ள இருக்கிற துருவின் பிடி விடும். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் எண்ணெய் விடுங்க, அந்த இடுக்குல உள்ளே இழுத்துக்கும். எண்ணெய் விட்ட பிறகு துடைச்சுக் காய வச்சுட்டுத்தான் அடுத்த சூடு. ஒரு தடவையில வரணும்னு அவசரப்படாதீங்க, திரும்பத் திரும்பச் செய்யணும்.

திருப்புளி முக்கியம். கடையில கிடைக்கிறதெல்லாம் முனை ஆப்பு மாதிரி சரிவா இருக்கும், முறுக்கும்போது வெட்டிலிருந்து ஏறி வெளியே வந்துடும். பழைய திருப்புளி ஒண்ணை எடுத்து, இரண்டு முகமும் சமமா, வெட்டின் அகலத்துக்கும் கனத்துக்கும் சரியாப் பொருந்துற மாதிரி அரைச்சுக்கோங்க. உங்க நாசிலின் வெட்டு ஏற்கனவே தேய்ஞ்சிருந்தா, மெல்லிய ரம்பத் தகடால கொஞ்சம் ஆழமாக்கிட்டு வைங்க. வச்சதும் மேலே சுத்தியலால லேசா நாலு தட்டு தட்டி, முதல்ல இறுக்கும் பக்கமா ஒரு பொட்டு, அப்புறம் கழட்டும் பக்கமா. அசைஞ்சதுன்னா முன்னும் பின்னுமா ஆட்டி எடுங்க.

கிளிநொச்சி வயல்:
ஊசியைக் கைப்பிடியில் பிடித்து முறுக்கவே வேண்டாம் தம்பி. அது மெல்லிய தண்டு, பட்டென்று முறிந்துவிடும். பின்னாலிருக்கிற அறுகோண நட்டில் சரியான அளவு ஸ்பானர் போட்டு, ஊசியோடு சேர்த்து அந்த முழுப் பாகத்தையும் கழற்றப் பாருங்கோ. பிறகு வைஸில் பிடித்து ஊசியைப் பிரிக்கலாம்.

ஷாஃப்டை லீவரில் அடித்துத் திருப்பவும் வேண்டாம். த்ராட்டில் தகட்டின் ஸ்குரூக்களின் நுனியைத் தொழிற்சாலையிலேயே நசுக்கி விட்டிருப்பார்கள், அந்த நசுங்கின நுனியை அரத்தால் தேய்த்த பிறகுதான் கழற்ற வேணும், இல்லாவிட்டால் ஷாஃப்ட் மரையும் போய்விடும். தகட்டின் விளிம்பு சரிவாக வெட்டினது, எந்தப் பக்கம் மேலே என்று கீறி அடையாளம் வையுங்கோ.

இன்னொன்று, நெருப்பு வைக்கிற வேலைக்கு முன்பு குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் கழுவிவிடாதேங்கோ. அந்தக் கழிவு சூடுபட்டால் ஃபோஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும், கொஞ்சம் இழுத்தாலும் நுரையீரலுக்கு ஆபத்து. பெற்றோல் வாடை போகும்வரை வெளியில் காய வைத்து, வெளியிலேயே சூடாக்குங்கோ.

ஒன்டாரியோ தோட்டம்:
நன்றி அண்ணைமார். காந்தம் ஒட்டுது, மேலும் கீழும் இரண்டுமே வார்ப்பிரும்பு. ஊசியும் அறுகோண பாகமும் சேர்ந்து வந்துவிட்டது. ஷாஃப்டில் பாதி பிசின்தான், கிளீனரில் ஊறப்போட்டதும் கொஞ்சம் ஆடத் தொடங்கினது, இப்போது சுத்தமாகத் திரும்புது. நாசிலுக்குத் திருப்புளி அரைத்து வைத்தேன், சூடாக்கி ஆற விட்டு எண்ணெய் விட்டேன், கடைசியில் ஒரு சின்னச் சத்தம், உடைந்துவிட்டது என்றுதான் பயந்தேன். இல்லை, மரை விட்ட சத்தம். வெட்டில் புதிதாக ஒரு காயமும் இல்லாமல் வந்தது. திரும்பப் பூட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பழைய இரும்பு:
சந்தோஷம் தம்பி! பெட்ரோல் உள்ளே வர்ற வளைவுக் குழாய்ல பொடி சல்லடை ஒண்ணு இருக்கும், அதைக் கழட்டிக் கழுவ மறக்காதீங்க, நிறைய பேர் அதைப் பார்க்கறதே இல்ல. மேல்பாகத்தைத் தலைகீழாப் பிடிச்சு மிதவை உயரம் கால் அங்குலம் இருக்கான்னு பாருங்க. மெயின் ஊசியை மெதுவா அடிவரைக்கும் உட்கார வச்சு, அங்கிருந்து இரண்டு சுற்றுக்குள்ள திறந்து ஸ்டார்ட் பண்ணுங்க, அழுத்தி மூடினா ஊசி முனையில வளையம் விழுந்துடும். என்ஜின் சும்மா நின்னு ஓடும்போது கலவையைச் சரிபண்ற ஐடில் ஸ்குரூ மட்டும் இதுக்கு நேர்மாறு, அது காற்றைக் கட்டுப்படுத்துறது, உள்ளே திருகினா பெட்ரோல் கூடும். தொட்டிக்குக் கீழே இருக்கிற வால்வு, இரண்டு சுற்று திறந்தா சாதாரண ஓட்டம், முழுக்கத் திறந்தா ரிசர்வ். முதல்ல இரண்டு சுற்று மட்டும் திறந்து, கிண்ணத்தின் அடிப்பிளக்கைக் கழட்டி ஒரு டப்பாவில் பிடிங்க. ஓட்டம் குறையாம ஒரே சீரா விழுந்தா பிளக்கை மாட்டிட்டுச் சாவியைத் திருப்பலாம்.