பிரெட்னிசோலோன் உண்ணும் நாய்க்கு மூட்டு வலி மாத்திரையும் தரலாமா?

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

வணக்கம். எங்கள் லாப்ரடார் ராஜாவுக்கு 12 வயது. இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்காக நெடுநாள் கார்ப்ரோஃபென் என்ற வலி மாத்திரை சாப்பிட்டு வந்தான். விலாவில் மாஸ்ட் செல் புற்றுக்கட்டி இருப்பது தெரிந்ததும், மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தார். கட்டி சற்றுச் சுருங்கியிருக்கிறது. ஆனால் காலையில் எழும்போது பின்னங்கால்கள் பளிங்குத் தரையில் இரு பக்கமும் வழுக்கி விரிய, முன்னங்கால்களால் உடம்பை இழுத்துச் சென்று சுவரில் சாய்ந்துதான் நிற்கிறான். மீதமிருக்கும் கார்ப்ரோஃபென்னில் பாதியாவது கொடு என்கிறார் அம்மா. கொடுக்கலாமா?

பதில் 1 (பட்டர்வொர்த்)

தயவுசெய்து கொடுக்காதீர்கள், பாதி அளவும் வேண்டாம். கால்நடைக் கிளினிக்கில் வேலை செய்பவள் என்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன். இந்த இரண்டு மருந்துகளும் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் பொருள்களைக் குறைப்பவை. சேர்த்துக் கொடுத்தால் இரைப்பையிலும் குடலிலும் புண் உண்டாகி, இரத்தம் கசியவும், சில வேளை குடலே துளைபடவும் கூடும். அதோடு மாஸ்ட் செல் கட்டி ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிட்டு இரைப்பை அமிலத்தை ஏற்கெனவே கூட்டியிருக்கும் என்பதால், ராஜாவுக்கு ஆபத்து மற்ற நாய்களைவிட அதிகம். மலம் தார் போலக் கறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ அன்றே மருத்துவரிடம் கொண்டு போங்கள். பிரெட்னிசோலோனையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வலிக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. பிரெட்னிசோலோனுடன் சேர்த்துத் தரக்கூடிய காபாபென்டின் என்ற வலி மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தொடக்கத்தில் தூக்கமும் தள்ளாட்டமும் இருக்கும், அளவைச் சரிசெய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மனிதர்களுக்கான காபாபென்டின் திரவத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள். சிலவற்றில் நாய்களுக்கு நஞ்சாகும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்ந்திருக்கும். வீட்டிலுள்ள பனடோலும் புரூஃபெனும்கூட வேண்டாம்.

பதில் 2 (செந்தூல், கோலாலம்பூர்)

மேலே எழுதியவர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மருந்துக்கு நிகரான இடம் தரைக்கு உண்டு என்பது என் கருத்து. நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் பளிங்கும் டைலும்தான் வயதான நாய்களுக்கு முதல் எதிரி. அவன் படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும், ரப்பர் விரிப்பை இடைவெளி விடாமல் போடுங்கள். நகங்களையும் பாதத்தின் அடியில் வளரும் மயிரையும் வெட்டிவிடுங்கள். பிரெட்னிசோலோன் பசியை மிகவும் தூண்டும். கெஞ்சுகிறானே என்று கூடுதலாகச் சோறு வைத்தால் ஏறும் எடை முழுவதையும் அந்த இடுப்புதான் சுமக்க வேண்டும். அந்த மருந்து நாளடைவில் தசையையும் மெலியச் செய்வதால், வெயில் ஏறுமுன் சிறு நடைகளாகப் பிரித்து நடத்துங்கள்.

இன்னொன்று. இரண்டு பின்னங்கால்களும் ஒன்றுபோலத் தளர்ந்து, நடக்க நடக்க இலகுவானால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானமாக இருக்கும். ஒரே கால் நாளுக்கு நாள் மோசமாகி, தொட்டாலே உறுமினால், வயது என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பெரிய இன நாய்களுக்கு எலும்புப் புற்றும் வரும். மேல்சிகிச்சை தேவைப்பட்டால், செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மாத்திரைப் பட்டையை அம்மாவே எடுத்து வைத்துவிட்டார். இடுப்பில் நல்லெண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடலாமா என்று கேட்கிறார்.

பதில் 1 (பட்டர்வொர்த்)

எண்ணெய் வேண்டாம், நக்கிவிடுவான். வெதுவெதுப்பான ஈரத்துணியை இடுப்பில் சிறிது நேரம் வைத்து, தொடைத் தசைகளை மெல்ல நீவிவிடுங்கள். விலாப்பக்கம் மட்டும் கை போகக் கூடாது: மாஸ்ட் செல் கட்டியை அழுத்தினாலோ தேய்த்தாலோ ஹிஸ்டமின் பீறிட்டு, அந்த இடம் சிவந்து தடித்துவிடும். வெந்நீர்த் துணியையும் அதன் அருகே வைக்காதீர்கள்.