வால்-ஐ மீனுக்குத் தமிழ்ப் பெயர் – வெள்ளி இரவுக்குள் தேவை

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு,
எங்கள் தூண்டில் கழகம் மே மாத முதல் சனிக்கிழமை கனடாவில் ஒன்டாரியோவின் குயின்டி விரிகுடாவுக்குப் போகிறது. வால்-ஐ (walleye) என்பது இங்குள்ள ஒரு நன்னீர் மீன். முட்டையிடும் காலத்துக்காக மூடியிருந்த அதன் மீன்பிடிப் பருவம் அன்றுதான் திறக்கிறது. படகோடு வழிகாட்டி ஒருவரையும் அமர்த்தியிருக்கிறோம். கழகத்தில் பாதிப் பேர் யாழ்ப்பாணக் கரையில் வளர்ந்த பெரியவர்கள். ஆங்கில விதிக் கையேடு அவர்களுக்கு ஓடாது. அவர்களுக்காக இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதுகிறேன். முதல் வரைவில் யாரோ 'வால்' என்றால் சுவர், 'ஐ' என்றால் கண் என்று ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து 'சுவர்க்கண்' என்று போட்டிருந்தார்கள். அதை அச்சுக்கு அனுப்ப மனம் ஒப்பவில்லை. உதவுங்கள்.
– ஸ்கார்பரோ

அம்மா,
சுவருக்கும் இதற்கும் உறவே இல்லை. ஸ்காண்டிநேவியரின் பழைய நார்சு மொழியில் 'வாக்ல்' என்றால் கண்ணில் படரும் படலம். அது ஆங்கிலத்தில் தேய்ந்து 'வால்' ஆயிற்று. நம்மிடமும் ஒரு 'வால்' இருக்கிறது, வெண்மை, தூய்மை என்ற பொருளில். வள்ளுவரின் 'வாலறிவன்' அதுதான். சிலப்பதிகாரத்தின் 'வால்வளை மேனி வாலியோன்' அதுதான். ஆகவே 'வால்விழி' என்று வையுங்கள். ஒலியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. இப்படி ஒரு பொருத்தம் நூறு சொல்லுக்கு ஒன்றில்தான் வாய்க்கும்.
– மதுரை

ஐயா,
பொருத்தம் அழகுதான். ஆனால் 'வால்விழி' என்று படிக்கிறவர் வாலில் கண் உள்ள மீனைத்தான் தேடுவார். போதாக்குறைக்கு இந்த மீனுக்கு வாலின் கீழ்நுனியில் வெள்ளைத் திட்டு உண்டு. அதை வைத்தே நாங்கள் இனம் காண்கிறோம். குழப்பம் இரட்டிப்பாகும். இங்கே மீன்கடையில் தமிழர் எல்லாரும் 'பிக்கரல்' என்றே கேட்டு வாங்குகிறார்கள். அதையே எழுதுங்கள். தமிழில்தான் வேண்டுமென்றால் 'நன்னீர்க் கொடுவா' எனலாம். உடல்வாகு அதேதான், இருட்டில் விளக்கடித்தால் கண் மின்னுவதும் அதேதான்.
– பெல்வில்

கொடுவா வேண்டாம். எங்கள் கொடுவாவே ஆற்று நீரிலும் வாழும். 'நன்னீர்க் கொடுவா' என்றால் அதைத்தான் நினைப்போம். இன்னொன்று: 'வழிகாட்டி' என்பது சாலையில் நிற்கும் பலகைக்கும் பெயர். காற்றும் நீரோட்டமும் பார்த்துப் படகைச் செலுத்தச் சொல்பவரை எங்கள் பக்கம் மண்டாடி என்போம். உங்கள் ஆளும் அதைத்தானே செய்கிறார்?
– ராமேஸ்வரம்

கியூபெக்கில் இதற்கு டோரே என்று பெயர், பொன் பூசியது என்று பொருள். அனிஷினாபே மக்கள் ஓகா என்கிறார்கள். அந்த ஏரிகளின் கரையில் நமக்கு நெடுங்காலம் முன்பிருந்தே மீன் பிடிப்பவர்கள் வைத்த பெயர் அது. இரண்டெழுத்து, தமிழ் நாவுக்குத் தடையே இல்லை. நாம் ஏன் ஆங்கிலத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறோம்?
– மொன்றியல்

பொன்மீன் என்றால் தொட்டியில் வளர்ப்பது நினைவுக்கு வரும். ஓகா எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கண்ணைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லையே! விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால்தான் இம்மீன் அந்தியிலும் கலங்கிய நீரிலும் இரை தேடுகிறது. அறிவியல் பெயரில் உள்ள 'விட்ரியஸ்' என்பதும் கண்ணாடி போன்றது என்றே பொருள்படும். வால்விழி வேண்டாமென்றால் 'பளிக்குவிழி' என்க. பளிங்கு + அறை 'பளிக்கறை' ஆனது போல மென்றொடர் வன்றொடராயிற்று, அதாவது 'ங்கு' 'க்கு' ஆயிற்று. பளிங்கு போன்ற விழியை உடையது என விரிந்து மீனையே குறிப்பதால் அன்மொழித்தொகை. 'மீன்' என்ற ஒட்டு மிகை.
– மதுரை

ஐயா, புணர்ச்சி சரி. எழுபது வயதுக்காரர் படகில் நின்றுகொண்டு அதைப் படிக்க வேண்டுமே. 'கண்ணாடிக்கண் மீன்' என்றால் போதாதா?
– பெல்வில்

மூக்குக்கண்ணாடி போட்ட மீன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பளிங்கில் அந்தத் தொல்லை இல்லை.
– மதுரை

அனைவருக்கும் நன்றி. இரவு பதினொன்று ஆகிவிட்டது. கண்ணாடிக்கண் மீனுக்கு நால்வர், பளிக்குவிழிக்கு ஒருவர், ஓகாவுக்கு ஒருவர். தலைப்பில் 'கண்ணாடிக்கண் மீன் (பிக்கரல்)' என்று போட்டிருக்கிறேன். விடியலிலும் அந்தியிலும் தூண்டில் போடுவது, சிற்றலை எழுப்பும் காற்றுள்ள நாள்களை விரும்புவது ஆகியவற்றுக்குக் காரணமாக அந்தக் கண்ணையே விளக்கியிருக்கிறேன். வரைவை அப்பாவிடம் காட்டினேன். மீன் பெயரை அவர் கவனிக்கவே இல்லை. 'மண்டாடி' என்ற சொல்லில் விரலை வைத்து, "இதை யார் எழுதியது?" என்று கேட்டார். அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.
– ஸ்கார்பரோ

அம்மா, அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் மறுபதிப்பு வந்தால் பளிக்குவிழியை அடிக்குறிப்பிலாவது சேருங்கள். வால்விழியையும் நான் இன்னும் கைவிடவில்லை. 'வால்' என்பதன் பழம்பொருளை மக்கள் மறந்ததற்கு மீன் என்ன செய்யும்?
– மதுரை