மறு: ஆயில் கிரேடு – 'தரம்' வேண்டாம், 'பதம்' வைப்போம்

வணக்கம்.

எஞ்சின் ஆயில் பாட்டிலில் 30, 50, 20டபிள்யூ-40 என்று போட்டிருக்கும் எண்தான் 'ஆயில் கிரேடு'. கையேட்டுக்கான கலைச்சொல் பட்டியலில் அதற்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று கேட்ட இந்த மடல் இழையில் இதுவரை வந்தவை: எண்ணெய்த் தரம், பாகுத்தர எண், பாகெண், பிசுக்குமைப் படி. முதல் இரண்டும் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் 'தரம்' என்று அச்சில் போட்டால் வண்டி கெட்டுப்போகும். விளையாட்டாகச் சொல்லவில்லை.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எங்கள் மெக்கானிக் கடையில் வாரம் தவறாமல் நடக்கும் பேச்சு இது. நூறு சிசி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பையன் வருவான். "அண்ணா, ஆயில் லீக் ஆவுது. முப்பது வேணாம், நல்ல கிரேடா அம்பது ஊத்துண்ணா." மெக்கானிக் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "இன்னாபா, அம்பது ஊத்தினா சீல் புச்சா மாறிடுமா?"

பையன் மேல் தப்பில்லை. முப்பதைவிட ஐம்பது பெரிய எண். கிரேடு என்றால் தரம். அப்படியானால் ஐம்பதுதானே உயர்ந்த சரக்கு? தமிழில் தரம் என்று சொன்ன உடனே மேல், கீழ் வந்துவிடுகிறது. எஸ்ஏஇ என்ற அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த அந்த எண்ணில் மேலும் இல்லை, கீழும் இல்லை. எண்ணெய் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது மட்டும்தான் உண்டு. அந்தக் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு சென்டிஸ்டோக்: 100 டிகிரி சூட்டில் 9.3 முதல் 12.5 வரை இருந்தால் 30. 16.3 முதல் 21.9 வரை இருந்தால் 50. அவ்வளவே. உண்மையிலேயே தரத்தைச் சொல்லும் குறி அதே பாட்டிலில் வேறு இடத்தில் இருக்கிறது: ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்எல், எஸ்என் என்று வருவது. 'தரம்' என்ற சொல்லை அதற்கு விட்டுவைப்போம்.

கிரேடுக்கு என் பரிந்துரை 'பதம்'. எண்ணெய்ப் பதம், பேச்சில் ஆயில் பதம்.

இந்தக் கெட்டித்தன்மைக்கு ஆங்கிலத்தில் viscosity. அதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் பாகுநிலை என்கிறது, இலங்கைப் பாடநூல் பிசுக்குமை என்கிறது. இரண்டில் எதை எடுத்தாலும் பதம் அதனோடு ஒட்டும். சர்க்கரைப் பாகில் ஒரு கம்பிப் பதம், இரண்டு கம்பிப் பதம் என்கிறோம். ஒன்றைவிட மற்றது உசத்தி என்று யாரும் நினைப்பதில்லை. குலாப்ஜாமுனுக்கு எது, மைசூர்பாகுக்கு எது என்றுதான் கேட்போம். வண்டிக்கும் அதே கேள்விதான் வேண்டும். "இந்த எஞ்சினுக்கு என்ன பதம்?" என்று கேட்டால் கையேட்டைப் புரட்டத் தோன்றும். "என்ன தரம்?" என்று கேட்டால் பர்ஸைப் பார்க்கத் தோன்றும்.

பாகெண் எனக்குப் பிடித்த சொல்தான். சிக்கல் என்னவென்றால் இருப்பது ஓர் எண் இல்லை, இரண்டு. 20டபிள்யூ-40 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. 20டபிள்யூ-வைச் சோதிப்பது மைனஸ் 15 டிகிரியில், 10டபிள்யூ-வை மைனஸ் 25-இல். தண்டையார்பேட்டையில் மார்கழி விடியற்காலையில்கூட குளிர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நம் ஊருக்கு அந்த 'குளிர்' பொருந்தாது. 'குளிர்பதம்' என்று போட்டால் ஃப்ரிட்ஜ் நினைவும் வந்துவிடும். ஆனால் காலையில் முதல் உதை உதைக்கும்போது எண்ணெய் மேலே எஞ்சின் தலையில் வால்வுகளைத் தள்ளும் டேப்பட் வரை எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பது இங்கேயும் முக்கியம். அதனால் முதல் எண்ணுக்குத் தொடக்கப் பதம், இரண்டாவதற்கு ஓட்டப் பதம் என்று வைக்கலாம். 10டபிள்யூ-30 என்றால் தொடக்கப் பதம் 10, ஓட்டப் பதம் 30. பயிற்சிக்கு வரும் பையன்களிடம் இப்படிச் சொன்னால் டபிள்யூ-வுக்கு விளக்கமே கேட்பதில்லை.

லீக் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தச் சொல்லுக்கான தேவையே அங்கிருந்துதான் கிளம்பியது. கெட்டியான எண்ணெய் ஊற்றினால் ஒழுக்கு கொஞ்ச நாள் குறைந்த மாதிரி தெரியும். சீலின் கிழிந்த ரப்பர் விளிம்பு கிழிந்தபடியேதான் இருக்கும். முப்பதுக்கென்று வடிவமைத்த சின்ன எஞ்சினில் ஐம்பது போட்டால் வண்டி கனத்து ஓடும், மைலேஜ் குறையும், காலையில் மேலே எண்ணெய் போய்ச் சேரத் தாமதமாகும். இந்தப் பழக்கம் எங்கள் பகுதிக்குப் பழைய புல்லட்டிலிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு கம்பெனியின் ஆலை இங்கேதானே இருந்தது. அந்த வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு ஐம்பது ஊற்றிப் பழகிய கைகள் இங்கே அதிகம். அந்த வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் பெட்டி மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய். கீழே சொட்டினால் எது சொட்டுகிறது என்பதே முதல் கேள்வி. இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான்.

சொட்டும் இடத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். எஞ்சின் தலையின் ஹெட் பேக்கிங்கில் கிளம்பியது, கீழே பக்கவாட்டில் இருக்கும் மேக்னட் கவரின் அடியில் தொங்கும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடும் வண்டி என்றால் அதன் மேல் புழுதி வேறு அப்பிக் கறுத்துக் கிடக்கும். எங்கள் மெக்கானிக் செய்வது இதுதான்: டீசலில் துடைத்து, காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை எஞ்சின் முழுக்கத் தூவி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரச் சொல்வார். வெள்ளையில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கும். கோட்டின் தலை எங்கேயோ அங்கேதான் வேலை. சில சமயம் கோடே இருக்காது, சங்கிலிக்கு அடித்த எண்ணெய்தான் ஸ்ப்ராக்கெட் கவரில் வழிந்திருக்கும். இன்னும் சில சமயம் உள்ளே சேரும் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருக்கும், அல்லது எண்ணெய் அளவு காட்டும் கேஜைப் பார்க்காமல் பாட்டில் தீரும்வரை ஊற்றியிருப்பார்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் நல்ல சீலும் கக்கும்.

சிந்தெடிக் ஊற்றியதால்தான் லீக் வந்தது என்று போன மடலில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதில் பாதி உண்மை உண்டு. ஆரம்ப காலச் செயற்கை எண்ணெய்களில் சில ரப்பரைச் சுருங்க வைத்தன. இன்று விற்பவற்றில் அதற்கு ஈடுகட்டும் சேர்மானங்கள் இருக்கின்றன. பழைய வண்டியில் நடப்பது வேறு: வருடக்கணக்கில் படிந்த கசடுதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், புது எண்ணெய் அதைக் கழுவிவிடும். மணலியில் நம் கண்ணெதிரே இருக்கும் சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயிலிருந்து எடுப்பது கனிம அடிப்படை எண்ணெய். கனிமமா செயற்கையா என்பது எண்ணெயின் வகை, பதம் தனி. இரண்டு வகையிலும் 20டபிள்யூ-50 கிடைக்கும். கலைச்சொல் பட்டியலிலும் இவை தனித்தனி வரியில் வரட்டும். ஜாஸோ என்ற ஜப்பானிய வாகனத் தர அமைப்பின் எம்ஏ, எம்பி குறிகள் இன்னொரு வரி: எண்ணெயில் ஊறும் கிளட்ச் உள்ள கியர் வண்டிக்கு எம்ஏ, ஸ்கூட்டருக்கு எம்பி. காருக்கான எண்ணெயை பைக்கில் ஊற்றிவிட்டு கிளட்ச் வழுக்குகிறது என்று வருபவர்களுக்கு இந்த வரிதான் மருந்து.

'ஆயில் சீல்' என்பதற்கு 'எண்ணெய் முத்திரை' என்ற முன்மொழிவைப் பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம். பத்திரத்தில் குத்துவது முத்திரை. சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயை அடைத்து நிற்பதைத் தண்டடை என்றும், அசையாத இரண்டு முகங்களுக்கு நடுவே வைக்கும் பேக்கிங்கை இடையடை என்றும் சொல்லிப் பார்க்கலாம். அடை என்றதும் அவியலைத் தேடுகிறவர்களுக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் கையேட்டில் 'சீல்', 'பேக்கிங்' இரண்டையும் முதன்மைச் சொல்லாகவே வைத்துவிட்டு இவற்றைப் பக்கத்தில் தருவதே நல்லது. கடையில் போய்த் தண்டடை கேட்டால் கிடைக்காது. பதம் அப்படியில்லை. ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிற சொல்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் தங்கள் பக்கத்துக் கராஜ்களில் கிரேடுக்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால் பட்டியலை முடிக்கும் முன் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து