உதவி: நான் எழுதிய கற்றல் பேறு திரும்பி வந்துவிட்டது

உப்புவெளி ஆசிரியை:
அவசரம். வெப்பநிலைப் பாடத்தின் கற்றல் பேறாக, அதாவது பாடம் முடிய மாணவர் என்ன செய்வர் என்பதாக, "மாணவர்கள் வெப்பநிலையை நன்கு விளங்கிக்கொள்வர்" என்று எழுதினேன். "இதை எப்படி அளப்பீர்கள்?" என்ற ஒரே கேள்வியோடு பாடக்குறிப்பு திரும்பிவிட்டது. நாளை காலை கொடுக்க வேண்டும். பிள்ளைகளைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிச் செல்கிறோம்.

மூதூரான்:
எந்தத் தரம்? எத்தனை பிள்ளைகள்? வெப்பமானிகள் எத்தனை?

தம்பலகாமம் விஞ்ஞானம்:
வினைச்சொல்லை மாற்றினால் போதும். கல்வி உளவியலாளர் புளூம் கற்றல் நோக்கங்களுக்கு 1956 இல் வகுத்த படிநிலையும் அதன் 2001 திருத்தமும் இதற்குத்தான். "ஒப்பிடுவர்" என்று போடுங்கள்.

பழைய அதிபர்:
இதே கேள்வி இங்கே ஓயாமல் வருகிறது. ஆசிரியர் வழிகாட்டியில் தேர்ச்சி மட்டத்தோடு கற்றல் பேறுகளும் இருக்கின்றன. முதலில் அதைத் திறந்து பார்க்கப் பழகுங்கள்.

கிண்ணியா வாசி:
ஐயா, வழிகாட்டி எல்லாப் பாடசாலைகளுக்கும் பொது. கன்னியாக் கிணறுகளுக்கு அதில் இடமில்லை. தங்கச்சி, வினைச்சொல் மட்டும் போதாது. கற்றல் நோக்கங்களை எழுதுவது பற்றிய நூலில் ராபர்ட் மேஜர் 1962 இல் கேட்ட மூன்றையும் பாருங்கள்: பிள்ளை என்ன செய்யும், எந்த நிலைமையில், எவ்வளவு சரியாக. அங்கே கிணறுகள் ஏழு, சூடு கிணற்றுக்குக் கிணறு வேறு. வாளியில் அள்ளியதுமே நீர் ஆறத் தொடங்கும். பிள்ளைகள் வெப்பமானியை வெளியே தூக்கித்தான் பார்ப்பார்கள். அதற்குள் வாசிப்பு இறங்கிவிடும். குமிழ் நீருக்குள் இருக்க, கண்மட்டத்தில் வாசிக்க வேண்டும். நீங்கள் கற்பிக்கப்போவது அதுதான், அதையே எழுதுங்கள்.

நிலாவெளி:
எழுதியதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். 2007 கலைத்திட்டமே கண்டறிந்து கற்பதைத்தான் முன்வைத்தது. வேறுபாடு உண்டு என்று சொல்லிவிட்டால் எதைக் கண்டறிவார்கள்?

மூதூரான்:
செய்ய வேண்டியதைச் சொல்வது வேறு, விடையைச் சொல்வது வேறு. தன்னிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியாத பிள்ளைதான் ஒதுங்கி நிற்கும்.

நிலாவெளி:
"ஒப்பிடு" என்றாலே பாதி விடை வெளியாகிவிட்டது.

மூதூரான்:
அப்படியானால் "அளந்து பதிவு செய்" என்று சொல்லலாமே!

பழைய அதிபர்:
கேட்டவர் எங்கே? தரம்கூட இன்னும் தெரியவில்லை.

உப்புவெளி ஆசிரியை:
தரம் 7, பிள்ளைகள் 32, வெப்பமானி 8. இப்படி எழுதியிருக்கிறேன்: "நால்வர் கொண்ட குழு, மூன்று கிணறுகளில் புதிதாக அள்ளிய நீரின் வெப்பநிலையை, குமிழ் நீருக்குள் இருக்க வாசித்து, ஆசிரியரின் அளவீட்டிலிருந்து 1 பாகை செல்சியசுக்கு மேல் விலகாமல் அட்டவணைப்படுத்தும்." நன்றி.

கிண்ணியா வாசி:
நால்வரில் ஒருவரே மூன்றையும் வாசித்துவிட்டால் மற்ற மூவருக்கும் தெரியுமா என்பதை எப்படி அறிவீர்கள்? "ஒவ்வொரு மாணவரும் ஒரு தடவையாவது" என்று சேர்த்துக் கொடுங்கள்.