எச்டாப்பில் 100, பாட்டமில் 12.5: எந்தக் கணக்கு சரி?

கேள்வி: ஓடும் நிரல்களைக் கண்காணிக்க லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஒரே கருவி இருக்கட்டும் என்று ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட பாட்டமை நிறுவினேன். எட்டு கோர்கள் (சிபியுவுக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) கொண்ட என் மடிக்கணினியில் ஒரு பைத்தான் நிரலின் சிபியு பயன்பாட்டை, இதே வேலையைச் செய்யும் எச்டாப் 100 விழுக்காடு எனக் காட்ட, பாட்டமிலோ 12.5 மட்டுமே தெரிகிறது. எதை நம்புவது?

பதில் 1: இரண்டும் சரியே. எச்டாப் ஒரு கோரை 100 எனக் கொள்வதால், எட்டு கோர்களையும் நிரப்பும் நிரல் அதில் 800 வரை போகும். பாட்டமோ அதே அளவை எட்டால் வகுத்துவிட்டுத்தான் காட்டுகிறது. வகுக்காத எண் வேண்டுமென்றால் 'அன்நார்மலைஸ்டு சிபியு' என்ற விருப்பத்தைச் சேர்த்துத் தொடங்குங்கள்.

பதில் 2: விண்டோஸின் டாஸ்க் மேனேஜரும் வகுத்தே காட்டுகிறது, மேக்கின் ஆக்டிவிட்டி மானிட்டர் எச்டாப்பின் பக்கம். ஒற்றைக் கோரில் முட்டி நிற்கும் நிரலைக் கண்டுபிடிக்க வகுக்காத எண்ணே உதவும் என்பது என் கருத்து. பாட்டமில் நிரல்களின் பட்டியல் துள்ளிக்கொண்டே இருந்தால் எஃப் விசையை அழுத்துங்கள், திரை உறைந்து நிற்கும். டி விசையை இருமுறை தட்டிவிடாதீர்கள். நிரலை நிறுத்தவா என்று கேட்கும்.

கேட்டவர்: விருப்பத்தைச் சேர்த்தேன், 99.8 காட்டுகிறது. நன்றி.